சத்தம் கேட்டு வாங்கிய கம்ப்ரசர்

சௌகத் அலியின் கடையில் மூன்றாவது கம்ப்ரசரையும் ஓடவிடச் சொல்லிவிட்டு, செல்போனை அதன் மோட்டாருக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். பஞ்சர் கடைக்கு ஹோஸ் வாங்க வந்திருந்த ஒருவர், நான் யாரோ வீடியோ போடுகிற ஆள் என்று நினைத்து, தானும் படத்தில் விழட்டும் என்று சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு என் பின்னால் வந்து நின்றார். படம் எடுக்கவில்லை, சத்தத்தைத்தான் பதிகிறேன் என்று சொன்னதும் அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கல்லாவில் இருந்த சௌகத் அலி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு என்னையே பார்த்தார்.

"அண்ணே, நானும் தலை நரைக்கிற காலமா இந்தக் கடையில ஒக்காந்திருக்கேன். எத்தனை ஹெச்பி, எத்தனை லிட்டரு, எம்புட்டு நேரத்துல ரொம்பும்னுதேன் வாரவுக கேப்பாக. நீங்க என்னடான்னா கச்சேரிக்கு வந்த மாதிரி ஒவ்வொண்ணா ஓட்டச் சொல்லிக் கேக்குறீக."

"வீட்டுல வச்சு ஓட்டணும் பாய்."

"வீட்டுல கைப்புள்ளை இருக்கா?"

"ஆமா" என்றேன். இருபத்து நான்கு வயது ஆன, என்னைவிட அரையடி உயரமான, வாரத்துக்கு இரண்டு முறை நான் உட்காரவைத்துச் சவரம் செய்துவிட வேண்டிய கைப்பிள்ளை. கம்ப்ரசர் வாங்க வந்த இடத்தில் அதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?

மூன்று கம்ப்ரசர்களைப் பதிந்துகொண்டேன். முதலாவது, பெல்ட் போட்டது. ஆள் படுக்கிற நீளத்துக்கு டேங்க், அடியில் சக்கரம், தடதடவென்று நெல் மில் ஓடுகிற சத்தம். இரண்டாவது, பெல்ட் இல்லாதது. அது ஓடவில்லை, கத்தியது. மூன்றாவது வெள்ளை நிறத்தில், குடம் அளவு டேங்கோடு, பார்க்கவே சாதுவாக இருந்தது. எண்ணெய் ஊற்ற வேண்டாமாம். பல் வைத்தியம் பார்க்கிறவர்கள்தான் அதை வாங்கிப் போவார்களாம். ஓடுகிறதா நிற்கிறதா என்று கையை வைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார் சௌகத் அலி. ரோட்டில் போன பழனி பஸ்ஸின் ஹாரனுக்கு நடுவில் அது எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. மூன்றையும் பதிந்துகொண்டு, நாளைக்கு வாரேன் பாய் என்று சொல்லிவிட்டு வந்தேன். நாளைக்கு வருகிறேன் என்று போகிறவர்களை அவர் எத்தனை பேரைப் பார்த்திருப்பார், தலையை மட்டும் ஆட்டினார்.

நான் பீரோவுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். பெயர் ஞானதாஸ். திண்டுக்கல்லிலிருந்து கல்யாணச் சீராகப் போன இரும்பு பீரோக்களில் பாதிக்கு நிறம் கொடுத்தவன் நான்தான் என்று குடித்தால் சொல்வேன், குடிக்காதபோது கால்வாசி என்பேன். மலைச்சாமியின் பீரோ பட்டறையில், பெயின்ட் ஊதுகிற ஸ்ப்ரே கன் பிடித்த கை இது. என் மனைவி பிலோமி இருந்தவரைக்கும் எனக்கு வீடு என்பது சாப்பிடுகிற, படுக்கிற இடம்தான். மகன் சவரிமுத்துவை அவள் பார்த்துக்கொண்டாள். அவனுக்குப் பேச்சு வராது. வராது என்று சொல்லவும் முடியாது. யாராவது சொன்னதைப் பத்து நாள் கழித்து, சம்பந்தமே இல்லாத நேரத்தில், சொன்னவர் குரலிலேயே திருப்பிச் சொல்வான். பல்லி சுவரில் போவதை அரை நாள் பார்ப்பான். ஃபேன் சுற்றுவதை ஒரு நாள் முழுக்கப் பார்ப்பான். திடீரென்று ஒரு சத்தம் வந்தால் மட்டும் தாங்க மாட்டான். வேட்டு, ஹாரன், குக்கர் விசில், எதுவானாலும் கிட்டத்தில் இருக்கிற சுவரில் போய்த் தலையை மோதுவான். வலிக்காதா என்று கேட்பார்கள். வலிக்கும். சத்தம் அதைவிட வலிக்கும் போலிருக்கிறது.

போன வருடம் தவக்காலத்தில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன பிலோமி திரும்பி வரவில்லை. அடக்கம் முடிந்த மறுநாளே குக்கரைத் தூக்கிப் பரண்மேல் போட்டேன். அவள் எப்படித்தான் அந்தக் குக்கரை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தினாளோ. ஞாயிற்றுக்கிழமை கறி வேகும்போது நான் முன்னறையில் பேப்பரோடு படுத்திருப்பேன். அடுப்படியில் அம்மாவும் மகனும் நெற்றியோடு நெற்றி முட்டிக்கொண்டு நிற்பது கதவிடுக்கில் தெரியும். ஏதோ கொஞ்சல் என்று நினைத்துக்கொள்வேன். விசில் அடிக்கும், ஒன்றும் ஆகாது, கறி வெந்துவிடும்.

அவள் போன பிறகு வேறு வழி இல்லாமல் அவனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனேன். தட்டில் சோறும் வெஞ்சனமும் வைத்து, சொம்பில் தண்ணீர் வைத்து, ஃபேனைப் போட்டுவிட்டுப் போவேன். ஃபேன் ஓடுகிறவரைக்கும் பிரச்சினை இல்லை. கரண்டு போன நாளில்தான் என் அக்கா அமலராணி வந்துவிட்டாள். அவள் டீச்சர். பக்கத்து வீட்டில் சாவி வாங்கித் திறந்து பார்த்திருக்கிறாள். சட்டை ஈரம், தரையெல்லாம் சோறு, நெற்றியில் ரத்தம் காய்ந்து ஈ மொய்த்துக்கொண்டிருக்கிறது. நான் வந்தபோது அவள் வாசலில் தெரு மண்ணிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"டேய் தாசு, பூட்டுப் போட்டு வைக்க அவன் என்ன கடையாடா?"

நான் உள்ளே போய், சிந்திக் கிடந்த சோற்றைக் கூட்ட ஆரம்பித்தேன்.

அடுத்த வாரமே ஒரு இடம் பார்த்துவிட்டாள். மணப்பாறை தாண்டி, கன்னியாஸ்திரிகள் நடத்துகிற காப்பகம். என்னைக் கூட்டிப்போய்க் காட்டினாள். குறை சொல்ல ஒன்றும் இல்லை, வேப்பமரம், கழுவிவிட்ட வராண்டா, நல்ல சிஸ்டர்கள். திரும்பி வரும்போது கேட்டில் ஒரு பையன், முப்பது வயது இருக்கும், என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "எப்ப வருவீக, எப்ப வருவீக?" என்று கேட்டான். என்னை அவன் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. யாரிடமும் அப்படித்தான் கேட்பானாம். சவரிக்கு அதைக் கேட்கவும் தெரியாது. என்னால் அவனை அங்கே விட்டுவிட்டு வர முடியாது. இதில் யோசிக்க ஒன்றும் இல்லை, முடியாது, அவ்வளவுதான்.

"அப்பன்னா வீட்டுல இருந்து வேலை பாத்துக் காட்டு. எனக்கு மட்டும் அவனை அனுப்பணும்னு ஆசையா? ஆகஸ்டு பதினஞ்சு, பரலோக மாதா திருநாள் வரைக்கும் அவனுக்குன்னு ஒரு கட்டிலு வச்சிருக்கோம்னு சிஸ்டருங்க சொல்லியிருக்காங்க. அதுக்கு மேல கேக்க எனக்கு மொகம் இல்ல" என்றாள் அக்கா.

மலைச்சாமியிடம் போய் நின்றேன். அவர் கெட்டவர் இல்லை, வாய்தான் கெட்டது. கொஞ்ச நேரம் திட்டிவிட்டு, "சரி தொலை, பீரோவ வீட்டுக்கே அனுப்புறேன். ஆனா பட்டறையில அடிச்ச மாதிரி இருக்கணும் பாத்துக்க. வழிஞ்சது, திட்டு விழுந்ததுன்னு ஒரு பீரோ வந்துச்சு, அம்புட்டுத்தேன். பார்ட்டிக்கு நான் பதில் சொல்ல முடியாது" என்றார். முதலில் ஒரே ஒரு பீரோ அனுப்புவதாகச் சொன்னார். ஆவணி முதல் முகூர்த்தத்துக்குப் போக வேண்டியது. கல்யாணப் பொண்ணு மயில்கழுத்து நீலம் கேட்டிருக்கிறதாம். அது சரியாக வந்தால் மற்றதைப் பேசலாம்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. கன் என்னிடம் இருந்தது. இல்லாதது காற்று மட்டும்தான்.

சௌகத் அலி கடையிலிருந்து வந்த அன்றைக்கு, சவரி ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்து, பதிந்து வந்த சத்தங்களை ஒவ்வொன்றாகப் போட்டேன். தாலி எடுக்கப் போனவர்கள்கூட இப்படிப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள். பெல்ட் போட்டதைக் கேட்டதும் புருவத்தைச் சுருக்கினான். இரண்டாவதை முழுதாகப் போடவே முடியவில்லை, எழுந்து சுவரைத் தேட ஆரம்பித்தான். அவனை இழுத்து உட்காரவைத்து, முதுகைத் தடவிக்கொடுத்து, செத்த நேரம் கழித்து மூன்றாவதைப் போட்டேன். அவன் என் கையிலிருந்து போனை வாங்கினான். காதில் வைத்துக்கொண்டான். முடிந்ததும் போனை என்னிடம் நீட்டினான். மறுபடி போட்டேன். மறுபடி கேட்டான். பரண்மேல் இருந்த குக்கரைப் பார்த்து, "பிலோமி, கிடைச்சிருச்சுடி" என்று சத்தமாகவே சொன்னேன்.

மறுநாள் சௌகத் அலி தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "அண்ணே, இது பல்லுக்கு ஊதுற காத்து. இத வச்சு பீரோ அடிக்க முடியாது. டேங்கு எம்புட்டூண்டு இருக்கு பாருங்க."

"நான் நிறுத்தி நிறுத்தி அடிச்சிக்கிறேன் பாய்."

"இம்புட்டு வருசம் கன்னு பிடிச்சவுக, உங்களுக்கு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதே இல்லை. எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததையெல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கிவைத்துவிட்டு வெள்ளை கம்ப்ரசரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, பெரிய சீர்வரிசை கொண்டுபோகிறவன் மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

கொட்டகையின் வாசல் பக்கம், காற்று வருகிற திசையில், சவரிக்கு நாற்காலி போட்டேன். தின்னர் வாடை அவன்மேல் அடிக்கக் கூடாது என்று அந்த இடத்தைப் பார்த்து வைத்தேன். கம்ப்ரசரைப் போட்டதும் மெல்ல உறுமியது. அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். அதன் தலையில் ஒரு சின்ன மீட்டர், உள்ளே ஒரு முள். காற்று ஏற ஏற முள்ளும் ஏறியது. அவன் முகம் அந்த முள்ளோடு மெல்லத் திரும்பியது. சிரித்தான். பிலோமி போன பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு. அன்றைக்கு நான் கொஞ்சம் அதிகமாகவே சந்தோஷப்பட்டுவிட்டேன், அதுதான் தப்பு.

முள் உச்சிக்குப் போனதும் கம்ப்ரசர் 'டக்' என்று நின்று புஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டது. சவரி துள்ளி எழுந்தான். "ஒண்ணுமில்லப்பா, ஒண்ணுமில்ல" என்று சொல்லி உட்காரவைத்தேன். கன்னை எடுத்து ஒரு பழைய தகரத்தில் அடித்துப் பார்த்தேன். நாலு இழுப்புக்குள் காற்று இறங்கி, அது மறுபடி 'டுர்' என்று கிளம்பியது. நின்றது. கிளம்பியது. கன் பிடித்த மனுசன் ஒருவன் சத்தத்தைப் பதிந்துகொண்டு வந்தானே, ஓடுகிறதை மட்டும் பதிந்து வந்திருக்கிறான். ஓட ஆரம்பித்த பிறகு போனை நீட்டினேன், நிற்பதற்கு முன்னால் எடுத்துவிட்டேன். நிற்பதையும் கிளம்புவதையும் பதியவே இல்லை. அவனுக்கு எந்தக் காலத்திலும் ஓடுகிற சத்தம் பிரச்சினை இல்லை, ஃபேன் ஓடுகிறதே. சொல்லாமல் கொள்ளாமல் வருவதுதான் பிரச்சினை. அதுவும் எனக்குத் தெரியும். கொட்டகைத் தகரத்தில் அவன் தலை மோதுகிற சத்தம் தெருமுனைவரை கேட்டிருக்கும். கட்டிப்பிடித்து இழுத்துப் படுக்கவைத்து அவன்மேல் படுத்துக்கொண்டேன். இருவருக்கும் மூச்சு வாங்கியது. கம்ப்ரசரை அணைக்க யாரும் இல்லை. ஹோஸில் எங்கோ காற்று கசிந்திருக்க வேண்டும், பக்கத்தில் நின்று அது தன் பாட்டுக்குக் கிளம்பிக் கிளம்பி நின்றுகொண்டிருந்தது.

கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனபோது, "காத்து பத்தலையா? நாந்தேன் சொன்னேனே" என்றார் சௌகத் அலி.

"காத்து இல்ல பாய். நிக்குது, கிளம்புது. நிக்குது, கிளம்புது. நிக்காத மாதிரி, கிளம்பாத மாதிரி ஒண்ணு குடுங்க."

அவர் சிரிக்க வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். என் சட்டைத் தோளில் சவரியின் நெற்றி ரத்தம் இருந்தது. அப்போதுதான் சொன்னேன், எல்லாவற்றையும், கல்லா மேசையைப் பிடித்துக்கொண்டு. கடையில் ஆட்கள் நின்றார்கள், இருந்தும் சொன்னேன். அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"டேங்கு ரொம்புனா நிக்கும், கொறைஞ்சா கிளம்பும். எல்லாம் அப்பிடித்தேன்ணே. கிளம்பாத கம்ப்ரசரு உலகத்துலயே இல்ல. டேங்கு பெருசா இருந்தா லேட்டாக் கிளம்பும், என்னால குடுக்க முடிஞ்சது அதுதேன்." வெள்ளை கம்ப்ரசரை மறுபேச்சில்லாமல் திரும்ப எடுத்துக்கொண்டு, பெல்ட் போட்ட பெரியதைச் சக்கரத்தில் உருட்டி வெளியே கொண்டுவந்தார். "மிச்சத்த அப்புறம் பாத்துக்குவோம். மொதல்ல புள்ளையப் பாருங்க."

சத்தம் குறைந்ததை வாங்கினேன், சரிப்படவில்லை. இப்போது தாமதமாகக் கத்துவதை வாங்கிக்கொண்டு வருகிறேன். லோடு ஆட்டோவில் அந்தக் கம்ப்ரசரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றபோது ஆடிக் காற்று கண்ணில் மண்ணை அடித்தது. அழுதால் யாருக்கும் தெரியாது என்பது ஒரு வசதியாக இருந்தது.

முதல் தடவை அவன் குளிக்கும்போது போட்டேன். குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, வாளி நிரம்பி வழிகிற சத்தத்தில் கேட்காது என்று கணக்குப் போட்டேன். கம்ப்ரசர் கிளம்பிய மறு நிமிடம் அவன் சோப்பு நுரையோடு, ஒட்டுத்துணி இல்லாமல், தெருவில் ஓடிக்கொண்டிருந்தான். துண்டை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். தெருவில் இருந்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எதிர்வீட்டு ஜக்கம்மாள் மட்டும் தன் சேலை ஒன்றை எடுத்துக்கொண்டு குறுக்கே வந்து அவனைச் சுற்றிப் பிடித்தாள். அதன் பிறகு அவள்தான் எனக்குக் கை கொடுத்தாள். நான் சவரியைக் குளத்துக் கரைப் பக்கம் கூட்டிப்போவேன், அவள் வந்து சுவிட்சைப் போட்டு, டேங்க் நிரம்பியதும் அணைத்துவிட்டுப் போவாள். திரும்பி வந்து, இருக்கிற காற்று தீர்கிறவரைக்கும் அடிப்பேன். தீர்ந்ததும் மறுபடி குளத்துக் கரை. பீரோவின் முதுகு, பக்கங்கள், உள் தட்டுகள் எல்லாம் இப்படியே ஆகின. ஊரில் எவனும் இந்த லட்சணத்தில் பெயின்ட் அடித்திருக்க மாட்டான். ஆனால் அடித்தேன்.

மோட்டார் ஓடாத அந்த நேரங்களில் சவரி நாற்காலியில் உட்கார்ந்து பெரிய மீட்டரையே பார்த்துக்கொண்டிருப்பான். நான் அடிக்க அடிக்க முள் இறங்கும். அது இறங்க இறங்க அவன் நாற்காலியில் முன்னால் சாய்வான். பல்லி, ஃபேன், இப்போது முள். போகட்டும், சும்மா இருக்கிறானே என்று நான் என் வேலையைப் பார்த்தேன்.

ஆனால் முன்பக்கக் கதவுகளை அப்படி அடிக்க முடியாது. அதுதான் பீரோவுக்கு முகம். கடைசிப் பூச்சை, எங்கள் பாஷையில் கடைசி கோட், ஒரே மூச்சில், மேலிருந்து கீழாக, ஈரம் காய்வதற்குள் அடிக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் ஒட்டுப் போட்ட மாதிரி கோடு தெரியும். ஒரே இடத்தில் கொஞ்சம் அதிகம் நின்றால் வழியும். இரண்டு கதவையும் சேர்த்தே அடித்தால்தான் நிறம் ஒன்றுபோல வரும், அதற்கு ஒரு டேங்க் காற்று எந்தக் கணக்குப் போட்டாலும் பத்தாது. தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, மாதா திருநாளுக்கு முந்தின நாளும் வந்துவிட்டது. மாலையில் மலைச்சாமியின் வண்டி பீரோவை எடுக்க வரும். ஜக்கம்மாள் காலையில் எனக்கு டேங்கை நிரப்பி வைத்துவிட்டு, கூழ் ஊற்றுகிறார்கள் என்று சாணார்பட்டிக்குப் போய்விட்டாள்.

நான் கன்னில் நீலத்தை ஊற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் கார் வந்து நின்றது. அக்கா. கையில் ஒரு புது பேக். மறுநாள் திருநாள் கூட்டம் ரோட்டில் இருக்கும், இன்றைக்கே அவனைக் காப்பகத்துக்குக் கூட்டிப்போய்விடலாம் என்று வந்துவிட்டாளாம். பேக்கைத் திறந்து காட்டினாள். ஆறு புதுச் சட்டைகள். எல்லாவற்றிலும் காலருக்கு உள்ளே 'சவரிமுத்து' என்று அவள் கையால் அழியாத மையில் எழுதியிருந்தாள். அங்கே துணி மாறிவிடுமாம், பெயர் எழுதித்தான் கொண்டுவர வேண்டுமாம். கரும்பலகையில் எழுதி எழுதிப் பழகிய அழகான எழுத்து.

"அக்கா, பீரோ முடியப்போகுதுக்கா. கடைசிக் கோட்டுதேன். இத மட்டும் முடிச்சிட்டா மலைச்சாமி வேலை குடுத்திருவாரு."

"அவன் நெத்தியப் பாருடா."

"பழைய காயம்க்கா."

"எல்லாம் பழைய காயந்தேன்" என்றாள். "சரி, முடி. நானும் பாக்குறேன்." சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு கொட்டகை வாசலில் நின்றாள். பேக்கைக் கீழே வைக்கவில்லை.

கம்ப்ரசரின் சுவிட்சைப் போட்டேன். டேங்க் நிரம்பி இருந்ததால் அது கிளம்பவில்லை. ஆனால் கிளம்பும். எப்படியும் இரண்டாவது கதவின் நடுவில் கிளம்பும். அந்த நேரத்தில் அவன் மோதாமல் இருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டேன். மோதினாலும் அக்கா பிடித்துக்கொள்ளட்டும், நான் கதவை முடித்துவிட வேண்டும் என்றும் கேட்டேன். பெற்றவன் கேட்கிற வேண்டுதலா அது? கேட்டேன்.

முதல் கதவு முடிந்தது. நீலம் கண்ணாடி மாதிரி விழுந்திருந்தது, இந்த வருடத்தில் நான் அடித்ததிலேயே அதுதான் நல்ல கோட். நிற்காமல் இரண்டாவது கதவின் மேல் விளிம்புக்குக் கையைக் கொண்டுபோனேன். இடமிருந்து வலம், வலமிருந்து இடம். கண்ணின் ஓரத்தில் சவரி நாற்காலியில் முன்னால் சாய்வது தெரிந்தது. இன்னும் கொஞ்சம் சாய்ந்தான். என் விரல் விசையில் இருந்தது. நான் அழுத்துகிற ஒவ்வொரு நொடியும் அந்த முள் இறங்கிக்கொண்டிருக்கிறது, அவனுடைய பயத்தை நான்தான் என் விரலால் இழுத்துக் கிட்டே கொண்டுவருகிறேன் என்று தோன்றியது. விரலை எடுக்கவும் முடியவில்லை. கைப்பிடி உயரத்துக்கு வந்துவிட்டேன்.

முள்ளையே பார்த்துக்கொண்டிருந்த சவரி எழுந்தான். மோட்டார் இன்னும் கிளம்பவில்லை. "அக்கா, பிடிக்கா!" என்று கத்தினேன். ஆனால் அவன் தகரத்துக்குப் போகவில்லை. நேராக என்னிடம் வந்தான். இரண்டு உள்ளங்கைகளையும் என் காதுகள்மேல் வைத்து இறுக்கிப் பொத்தினான். நெற்றியை என் நெற்றியோடு முட்டினான். கை இரண்டும் சூடாக இருந்தன. காது அடைத்திருந்தாலும் அவ்வளவு கிட்டத்தில் அவன் வாய் இருந்ததால் கேட்டது.

"வருது சாமி. வரப்போகுது. காதப் பொத்திக்க சாமி."

பிலோமியின் குரல், விசில் அடிக்கும் முன்னால் அவள் அவனிடம் சொன்னது. அவள் இழுத்துச் சொல்கிற 'சாமி'. கதவிடுக்கில் நான் எத்தனை ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன், கறிக்குக் காத்துக்கொண்டு படுத்தபடி.

அவனுடைய கைகள் இரண்டும் என் காதில் இருந்தன. அவனுடைய காதுகள் திறந்து கிடந்தன. கன் எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. நீலம் அப்பிய என் கைகளை எடுத்து அவன் காதுகளைப் பொத்திய நேரத்தில் மோட்டார் கிளம்பியது.

அவன் உடம்பு ஒரு முறை தூக்கிப் போட்டது. அப்புறம் நடுங்கியது. நெற்றி மட்டும் விலகவில்லை. நானும் நடுங்கிக்கொண்டிருந்தேன், எந்த நடுக்கம் யாருடையது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவனுடைய தோளுக்கு மேலே, வாசலில், அக்கா மூக்கிலிருந்து தலைப்பை எடுத்துவிட்டு நிற்பது தெரிந்தது. பேக் அவள் கையில்தான் இருந்தது. பக்கத்தில் பீரோவின் இரண்டாவது கதவில், என் கை நின்றுபோன இடத்திலிருந்து, நீலம் ஒரு சொட்டாகத் திரண்டு மெல்லக் கீழே இறங்க ஆரம்பித்தது. மீட்டரில் முள் ஏறிக்கொண்டிருந்தது.